புகைக்கும் ஒரு கூண்டு வேண்டும்

பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் ராமேசுவரம் தீவில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீன்துறை கடலுக்குப் போகும் டோக்கன் கொடுப்பதை நிறுத்தும். விசைப்படகுகளின் நங்கூரக் கயிறுகளைச் சரிபார்ப்பார்கள். நாட்டுப்படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டுவார்கள். கூண்டின் எண் ஏற ஏற, தாழ்வான இடத்துக் குடிசைக்காரர்கள் எங்கே போய்த் தங்குவது என்ற பேச்சு தொடங்கும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியையும், அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கடல் வாரிக்கொண்டு போன பிறகு இந்தக் கரையில் வேரூன்றிய பழக்கம் இது. காற்றோடு வரும் இன்னொரு கேடு புகை. அதற்கு இப்படி ஒரு பழக்கம் இங்கே உருவாகவில்லை. புயலைப் போலவே புகையின் வரவையும் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்பே கணிக்க முடியும். புயலுக்காகக் கட்டியெழுப்பிய அமைப்பிலேயே அதற்கும் இடம் கொடுக்க முடியும். ஆனால் காட்டுத்தீப் புகையால் அவதிப்படும் நாடுகள் தங்கள் மக்களுக்குச் சொல்லும் ‘வீட்டுக்குள் இருங்கள், சன்னலை மூடுங்கள்’ என்ற அறிவுரையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் அது பலிக்காது. சில வீடுகளில் தீங்கே செய்யும். இங்கே முன்னேற்பாடு அடுப்பிலிருந்து தொடங்கி, ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் போய் முடிய வேண்டும். இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் காடு எங்கே இருக்கிறது, காட்டுத்தீப் புகையைப் பற்றிப் பேச, என்ற கேள்வி முதலில் எழும். நியாயமான கேள்விதான். குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்களைப் பலிகொண்டதைப் போன்ற தீ இந்தச் சமவெளியில் எரிய வாய்ப்பில்லை. ஆனால் புகை, எரிந்த இடத்திலேயே தங்கிவிடுவதில்லை. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியப் பெருங்கடலில் ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு நடந்தது. வீரபத்ரன் ராமநாதன், நோபல் பரிசு பெற்ற பால் குரூட்சன் ஆகியோர் முன்னின்று நடத்திய அந்த ஆய்வில் கப்பல்களும் விமானங்களும் மாலத்தீவின் காஷிதூ தீவில் அமைந்த கண்காணிப்பு நிலையமும் பங்கேற்றன. குளிர்காலத்தில் துணைக்கண்டத்தின் தரைப்பகுதியிலிருந்து கிளம்பும் பழுப்பு நிறப் புகைமூட்டம், வடகிழக்குக் காற்றில் ஏறி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டித் திறந்த கடல் மேல் பரவுவதை அவர்கள் கண்டார்கள். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரம் வரை அந்த மூட்டம் இருந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2009-இல் வெளியான ஆய்வில், ஓர்யான் குஸ்தாஃப்சன் குழுவினர் மாலத்தீவிலும் மேற்கு இந்தியாவின் மலையுச்சி ஒன்றிலும் பிடித்த துகள்களைக் கதிரியக்கக் கரிம முறையில் ஆராய்ந்தனர். அந்த மூட்டத்தின் கரிமப் பொருளில் சுமார் மூன்றில் இரு பங்கு, விறகு, சருகு, வைக்கோல், சாணம் போன்ற உயிர்ப்பொருள்களை எரித்ததால் வந்தது என்று தெரிந்தது. நெடுந்தொலைவு வரும் இந்தப் புகையில் காடு எரிந்ததும் இருக்கிறது, வயல் எரிந்ததும் இருக்கிறது, அடுப்பு எரிந்ததும் இருக்கிறது. நுரையீரலுக்கு இவற்றைப் பிரித்தறியத் தெரியாது.

இது எங்கோ நடுக்கடலில் நடப்பது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2022 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் மாமல்லபுரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, அதன் சுழற்சி வடக்கிலிருந்து மாசடைந்த காற்றைத் தெற்கே இழுத்துவந்தது. டிசம்பர் 8 அன்று யாழ்ப்பாணம் உட்பட இலங்கையின் பல நகரங்களில் காற்றின் தரம் கெட்டது. இந்தியப் பக்கமிருந்து வந்த மாசே காரணம் என்று இலங்கையின் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கூறியது. மறுநாள் 9-ஆம் தேதி இலங்கை அரசு பள்ளிகளை மூடியது. யாழ்ப்பாணம் ராமேசுவரத்திலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் முப்பது கிலோமீட்டர்தான். பாக் நீரிணையின் ஒரு கரையில் பிள்ளைகளை வீட்டிலேயே இருக்கச் சொல்லும் அளவுக்குக் கெட்ட காற்று, மறுகரையில் மட்டும் சுத்தமாக இருந்திருக்கும் என்று நம்ப இடமில்லை. தென்கிழக்கு ஆசிய நாடுகள் எல்லை தாண்டும் புகைமூட்டத்துக்காக 2002-இல் ஓர் உடன்பாட்டையே செய்துகொண்டன. தெற்காசியாவிடம் 1998-இன் மாலே பிரகடனம் இருக்கிறது, ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. அரசுகள் பேசி முடிக்கும் வரை கரையோர மக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

உள்ளூர்ப் புகையும் இருக்கிறது. கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடி வட்டாரங்களில் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது பல்லாயிரம் பேரின் பிழைப்பு. மரத்தை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காற்றை அளவோடு விட்டுப் பல நாள் புழுங்க வைக்கிறார்கள். காய்ந்த மரத்தின் எடையில் கால்வாசியோ அதற்கும் குறைவோதான் கரியாக மிஞ்சும். மீதி, நீராவியாகவும் வாயுவாகவும் தார் ஆவியாகவும் துகளாகவும் வெளியே போய்விடுகிறது. குறைந்த காற்றில் புழுங்கும் மரம், கொழுந்துவிட்டு எரியும் மரத்தைவிட அதிகமாகக் கார்பன் மோனாக்சைடையும் நுண்துகளையும் கக்கும். காட்டுத்தீ அடங்கியபின் நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் மரக்கட்டைகள் விடும் புகையும் இதே வகைதான். இவற்றோடு பனைப் பருவத்தில் விடிலிக் குடிசைகளில் பதநீர் காய்ச்சும் அடுப்புகள், ஊரோரக் குப்பைமேட்டுத் தீ, கோடையில் தீப்பற்றும் கருவேலம் புதர்கள் எல்லாம் சேர்கின்றன. கருப்பட்டி காய்ச்சும் பெண்ணும் கரிமூட்டத்தின் மேல் ஏறி மண் தள்ளும் ஆணும், வெளிநாட்டில் தீயணைப்பு வீரர் ஒருவர் பணிநாட்களில் சுவாசிக்கும் அதே வகைப் புகையை, எந்தக் கவசமும் இன்றிச் சுவாசிக்கிறார்கள்.

புகையின் கெடுதி அதன் கண்ணெரிச்சலிலோ வாடையிலோ இல்லை, கண்ணுக்குத் தெரியாத துகளில் இருக்கிறது. 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் சிறிய துகள் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் அதைத் தடுப்பதில்லை. அது நுரையீரலின் காற்றறைகள் வரை போய், அங்கே அழற்சியைத் தூண்டி, மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. அதனால்தான் புகை நாட்களில் ஆஸ்துமா மட்டுமன்றி மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுத் தரநிர்ணயப்படி ஒரு நாளின் சராசரி ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அந்த வரம்பை 15 என்று வைத்தது. நம் அளவுகோலில் தேறிவிட்ட காற்று உலக அளவுகோலில் நான்கு மடங்கு தோற்றுப்போயிருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கடற்காற்று எல்லாவற்றையும் துடைத்துவிடுமே என்பது இந்தக் கரையில் பலரும் நம்பும் பதில். பாதி உண்மை. பகலில் தரை சூடேறிக் கடற்காற்று உள்ளே புகும்போது காற்று உயரமாகக் கலந்து புகை நீர்த்துப்போகிறது. கச்சான் எனும் மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களிலும் அப்படியே. ஆனால் இரவில் தரை குளிர்ந்ததும் காற்று திசை மாறித் தரையிலிருந்து கடலுக்கு மெல்ல ஊர்கிறது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, மேலே வெப்பமான அடுக்கு மூடிபோல் நிற்க, உள்நாட்டில் எழுந்த புகை கலைய வழியின்றித் தாழ்வாகக் கடலோரம் நோக்கி வருகிறது. கடல் மேல் போய்த் தேங்கிய புகையை மறுநாள் முற்பகலில் அதே கடற்காற்று திரும்பக் கரைக்குத் தள்ளுவதும் உண்டு. வாடைக் காலத்தின் அமைதியான இரவுகளில் இது கூடுதல். ஆகவே இங்கே புகைக்கு ஒரு நேரம் இருக்கிறது: மாலை விளக்கு வைத்ததிலிருந்து காலை வெயில் ஏறும்வரை. இது நமக்குச் சாதகமான செய்தியும்கூட. வெயில் காலத்தில் வீட்டை மூடிவைத்தால் வெக்கையிலேயே முதியோர் விழுந்துவிடுவார்கள் என்ற அச்சம் சரியானது. சித்திரை மாத நண்பகலில் கதவைச் சாத்தச் சொல்லும் அறிவுரை ஆபத்தானது. ஆனால் இந்தக் கரையில் மூட வேண்டிய நேரம் பெரும்பாலும் குளிர்ந்த இரவும் அதிகாலையும்தான். கடற்காற்று எழுந்து புகை கலைந்ததும் திறந்துவிடலாம்.

இனி வீட்டுக்கு வருவோம். காரை வீடு ஒன்றில் சன்னல் கதவுகளை இறுகச் சாத்தினால் வெளிப்புகையின் ஒரு பகுதி சில மணிநேரம் வெளியே நிற்கும். தங்கச்சிமடத்திலோ கம்பிப்பாட்டிலோ ஓலை வேய்ந்த குடிசையில் சாத்துவதற்கு என்ன இருக்கிறது? கீற்றின் இடுக்கெல்லாம் வாசல்தான். அதைவிட முக்கியமானது, உள்ளேயே விறகடுப்பு எரியும் வீடு. அங்கே சன்னலை மூடுவது வெளிப்புகையைத் தடுப்பதற்கு முன் உள்புகையைப் பூட்டிவைக்கும். நாகப்பட்டினம், விழுப்புரம் பகுதிக் கிராமங்களும் இடம்பெற்ற, நான்கு நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் அதன் இந்தியப் பகுதியை வழிநடத்தினார். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளின் சுமார் 3,200 கர்ப்பிணிப் பெண்களில் பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுத்தார்கள். விறகிலேயே சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம். எரிவாயுவில் சமைத்தவர்களுக்கு அது சுமார் 24. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

அதே ஆய்வின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2022-இல் வெளியான முடிவுகளின்படி, இரு குழுக்களிலும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அடுப்பை மாற்றி என்ன பயன் என்று இதைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. பிறப்பு எடை என்பது தாயின் உணவு, இரத்தசோகை, கர்ப்ப காலத்தின் எந்த வாரத்தில் மாற்றம் வந்தது எனப் பலவற்றால் முடிவாவது. ஒரே அளவுகோலில் பலன் தெரியாததால் மூன்றில் இரு பங்கு புகை குறைந்ததே வீண் என்றாகிவிடாது. என் வாதத்துக்குத் தேவையானது இன்னும் எளியது: உள்ளே புகை இல்லாத வீட்டுக்குத்தான் வெளிப்புகையிலிருந்து அடைக்கலம் என்ற பேச்சே பொருந்தும். ஆகவே சிலிண்டர் இருந்தும் விலைக்குப் பயந்து வெந்நீருக்கும் உலைக்கும் விறகு மூட்டும் குடும்பம், புகை நாட்களுக்கென்றாவது சிலிண்டரை ஒதுக்கிவைக்க வேண்டும். விறகைத் தவிர வழியில்லாதவர்கள் அன்றைக்குச் சமையலைக் கடற்காற்று எழுந்த பின், வெளித் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கொசுவர்த்தியும் வேப்பிலைப் புகையும் அன்று வேண்டாம். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்து முடிக்கையில் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு நிகரான நுண்துகளை விடுகிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு அளந்து சொன்னது. கொசுவலை புகை விடுவதில்லை.

குடிசையில் இருப்பவருக்கு இவ்வளவும் போதாது. அவருக்கு வேண்டியது ஊருக்குப் பொதுவான ஒரு தூய காற்று அறை. கலிபோர்னியாவில் ஹூப்பா பள்ளத்தாக்கில் வாழும் தொல்குடி மக்கள் 1999-இல் மாதக்கணக்கில் காட்டுத்தீப் புகையில் சிக்கினார்கள். அவர்களின் மருத்துவமனைக்கு மூச்சுக் கோளாறோடு வந்தவர்கள் முந்திய ஆண்டைவிட 52 சதவீதம் கூடினார்கள். முகக்கவசம் வழங்கியது, சிலரை வேறிடத்துக்கு அனுப்பியது, காற்று வடிகட்டிகள் கொடுத்தது, பொது அறிவிப்புகள் செய்தது என எல்லா ஏற்பாடுகளையும் ஆய்வாளர்கள் பின்னர் ஒப்பிட்டார்கள். நுண்வடிகட்டியை அதிக நேரம் ஓடவிட்ட வீடுகளிலும், அறிவிப்பைக் கேட்டு நினைவில் வைத்திருந்தவர்களிடமும்தான் நோய்க்குறிகள் குறைவாக இருந்தன. கவசத்தாலும் இடம்பெயர்ந்ததாலும் தெளிவான பயன் தென்படவில்லை. சிறிய, வசதி குறைந்த ஊரில் கிடைத்த இந்தச் சான்று நமக்கு மிகவும் பொருந்தும். வீட்டுக்கு வீடு வடிகட்டி வாங்க நம்மால் ஆகாது என்பது உண்மை. ஊருக்கு ஒன்று ஆகும். இருபதடிக்கு இருபதடி, பத்தடி உயர வகுப்பறை ஒன்றில் சுமார் 113 கனமீட்டர் காற்று இருக்கிறது. மணிக்கு ஐந்து முறை அதை வடிகட்ட ஏறத்தாழ 565 கனமீட்டர் தேவை. கடைகளில் விற்கும் நடுத்தர வீட்டு வடிகட்டிகள் இரண்டு அதைச் செய்துவிடும். மின்விசிறியோடு நுண்வடிகட்டித் தாளை இறுகப் பொருத்திக் குறைந்த செலவில் செய்யும் பெட்டிகளும் 2020-க்குப் பின் உலகமெங்கும் பள்ளிகளில் பரவின. ஐ.டி.ஐ. மாணவர்கள் ஒரு நாளில் செய்துவிடக் கூடியவை. சன்னல் விளிம்புகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டி, கூரை ஓட்டைகளை அடைத்து, முப்பது பேர் உள்ளே இருந்தால் காற்று சுத்தமான வேளையில் கதவைத் திறந்து புழுக்கத்தைப் போக்க வேண்டும். தமிழகக் கடலோரத்தில் கட்டியிருக்கும் பல்நோக்குப் புயல் காப்பு மையங்களிலும் இப்படி ஓர் அறையை ஒதுக்கலாம். புயலன்று போகும் மின்சாரம் புகையன்று பொதுவாகப் போவதில்லை என்பதால் வடிகட்டி ஓடும்.

முகக்கவசம் பயனற்றது என்று ஹூப்பாவை வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 கவசம் 0.3 மைக்ரான் துகளில் 95 சதவீதத்தைத் தடுக்கும். பொருந்தாமல் போட்டால் இடுக்கு வழியே எல்லாம் உள்ளே போய்விடும். நனைத்த துண்டை மூக்கில் கட்டுவது சாம்பலைத் தடுக்கலாம், நுண்துகளை அல்ல. தாடி வைத்திருப்பவர்களுக்கு இறுக்கம் கிடைக்காது. வாடைக் காலம் ஐயப்ப மாலை போடும் காலமும்கூட, ஆகவே இதை முன்பே சொல்லிவிட வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குக் கவசம் போடக் கூடாது. கவசம் அவசியம் தேவைப்படுவது வெளியே நின்று வேலை பார்த்தே ஆக வேண்டியவர்களுக்கு, அதிலும் முதலில் கரிமூட்டத் தொழிலாளருக்கு.

யார் சொல்வது, எப்போது சொல்வது என்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். ராமநாதபுரம் நகரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. ராமேசுவரம் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல், நடுவே கடல். தீவுக்கும் மண்டபத்துக்கும் சாயல்குடிப் பக்கத்துக்கும் மலிவு விலைக் கருவிகளையாவது வைக்க வேண்டும். அவை உப்புக்காற்றின் ஈரத்தில் துகள்கள் பருப்பதால் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் என்பதால், நகரத்து நிலையத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டியிருக்கும். எண் கிடைத்தபின் அறிவிப்புக்குப் புதிய வழி தேட வேண்டாம். பாம்பனிலிருந்து மீனவர்களுக்காக ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 இருக்கிறது, கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. புயலுக்குப் பதினோரு கூண்டுகள். புகைக்கு மூன்று படிகள் போதும்: எச்சரிக்கை, வீட்டில் இரு, தூய அறைக்கு வா. அந்த அறைக்கு முதலில் யார் வர வேண்டும் என்ற பட்டியலும் ஏறக்குறையத் தயார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இதய நோயாளியின் வாசல் அவர்களுக்குத் தெரியும். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் அங்கன்வாடி அறியும். உறிஞ்சு மருந்து (இன்ஹேலர்) பயன்படுத்துபவரிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்கள் வேலையோடு சேர்ந்துவிடும்.

பிழைப்பைக் கெடுக்கும் பேச்சு இது என்று கரிமூட்டக்காரர்கள் நினைத்தால் அந்தக் கோபத்தை மதிக்க வேண்டும். மழை பொய்த்த வறண்ட மண்ணில் சீமைக் கருவேலம்தான் பலரைக் காப்பாற்றியது. இதை ஒழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை வழக்குகள் போனபோதும், அந்தக் குடும்பங்களுக்கு மாற்று என்ன என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. முன்னேற்பாடு என்பது தடை இல்லை. குடியிருப்பிலிருந்தும் பள்ளியிலிருந்தும் தள்ளி மூட்டம் போடுவது, புகை எச்சரிக்கை வந்த இரவில் புதிதாகத் தீ மூட்டாமல் ஓரிரு நாள் பொறுப்பது, அதற்கான இழப்பை அரசு ஈடுசெய்வது, மூட்டத்தில் நிற்பவருக்குக் கவசமும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனையும் தருவது ஆகியவை செய்யக்கூடியவை. மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் கொடுக்கும் அரசுக்கு இது புதிய கணக்கு இல்லை. ஊருக்கே காற்றைக் காக்கும் திட்டத்தில் அதிகப் புகையைக் குடிப்பவரை விட்டுவிட்டால், அது நியாயமும் இல்லை, பலிக்கவும் பலிக்காது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னேற்பாட்டுக் கூட்டம் ஆண்டுதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிறது. மணல் மூட்டை, படகு, மரம் அறுக்கும் இயந்திரம், தங்கும் மையம் என்று அங்கே பட்டியல் போடுகிறார்கள். அதில் காற்று வடிகட்டி ஓடும் அறை எந்தெந்த ஊரில் என்ற ஒரு வரியும் சேர வேண்டும். அக்டோபர் 2-இல் கிராம சபை கூடும், வாடை அதற்குப் பின்தான் தொடங்கும். நம் ஊர்ப் பள்ளியில் எந்த வகுப்பறையை இதற்குத் தயார் செய்யப் போகிறோம் என்று அன்றைக்கு எழுந்து நின்று கேளுங்கள், தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.